யானைக்கும் கழுதைக்கும் நடுவில் ஒரு குசினி

முதியவரைக் கட்டிலில் புரட்டுவது எப்படி, மாத்திரையை நேரத்துக்கு விழுங்க வைப்பது எப்படி என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் பலேர்மோவில் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களோடு நான் பேச நினைப்பது அமெரிக்காவைப் பற்றி. சிரிக்காதீர்கள். அந்த நாட்டில் நான் கால் வைத்ததில்லை. ஆனாலும் அங்குள்ள இரண்டு கட்சிகளாலும் படாத பாடு பட்டவள் நான். அந்தக் கட்சிகளில் இருப்பவர்களுக்கே இத்தனை தலையிடி இருந்திருக்காது.

நான் கடைசியாக வேலை செய்த வீடு லிபெர்த்தா தெருப் பக்கம், மூன்றாம் மாடியில் இருந்தது. வீட்டு ஐயாவை சிஞ்ஞோர் தூரி, அம்மாவை சிஞ்ஞோரா நினா என்று வைத்துக்கொள்வோம். இருவரும் பலேர்மோவில் பிறந்தவர்கள். கல்யாணம் முடித்த கையோடு நியூ ஜெர்சிக்குப் போய், அவர் ஆலை வேலையும் அந்த அம்மா பள்ளிக்கூடச் சமையலும் பார்த்து, ஒரு மகளை வளர்த்து ஆளாக்கி, வயதான பிறகு பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவர்கள். வரும்போது அமெரிக்கக் கடவுச்சீட்டையும் கொண்டுவந்தார்கள், அமெரிக்கச் சண்டையையும் கொண்டுவந்தார்கள். சிஞ்ஞோருக்கு இடுப்பெலும்பில் கோளாறு, தனியாக எழும்ப முடியாது. அவரைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டைப் பார்க்கவும் நான் அங்கேயே தங்கி வேலை செய்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் என்னோடு பேசியது பலேர்மோப் பேச்சு. எனக்கு அது நம் பேச்சாகத்தான் காதில் விழும், அப்படியே எழுதுகிறேன். சிஞ்ஞோரா தன் கணவரை நீ என்றுதான் கூப்பிடுவார். எழுதும்போது எனக்கே கை கூசுகிறது, என்ன செய்ய? சண்டை பிடிக்கும்போது மட்டும் இருவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். ஆங்கிலம் கேட்டதும் நான் பல்கனிக் கதவைச் சாத்திவிடுவேன்.

அமெரிக்காவில் ஒரு கட்சிக்கு யானை அடையாளம், மற்றக் கட்சிக்குக் கழுதை. சிஞ்ஞோர் யானை, சிஞ்ஞோரா கழுதை. இது நான் வைத்த பட்டம் இல்லை, அவர்களே அப்படித்தான் சொல்வார்கள். ஊரில் தேர்தல் என்றால் வீடு, சைக்கிள், யானை என்று மதிலெல்லாம் சின்னம் எழுதியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் புதினம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துக்கும் அந்த யானை தேர்தலுக்குத் தேர்தல் வந்து, தெருப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும். தெரு வராது, அடுத்த தேர்தல் வரும்.

வீட்டில் இரண்டு தொலைக்காட்சிகள் இருந்தன. முன் அறையில் யானைச் செய்தி, படுக்கை அறையில் கழுதைச் செய்தி. அவர் சத்தத்தைக் கூட்டினால் இவரும் கூட்டுவார். நடுவில் குசினி. அந்தக் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டே உலகத்தில் உள்ள எல்லா அநியாயத்தையும் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். ஒரு காது சொன்னதை மற்றக் காது பொய் என்று சொல்லும்.

அந்த வீட்டுக்கு மேல் மாடியில் வேலை செய்தவள் தேவி. மொரிசியஸ்காரி, என் வயது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் குடும்பம், ஆனால் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. இத்தாலி மொழியில்தான் நாங்கள் இருவரும் கதைப்போம். வேலைக்குச் சேர்ந்த கிழமையே அவள் எனக்கு ஒரு புத்தி சொன்னாள்.

"மலா, ரெண்டு பேருக்கும் தலையாட்டு. ஆர் என்ன சொன்னாலும் சி, சி எண்டு சொல்லிப்போட்டு உன்ரை வேலையைப் பார்."

சி என்றால் இத்தாலியில் ஓம். அது எனக்குச் சுலபமாக வந்தது. நம் ஆட்களுக்கு யாராவது கதைத்தால் இடைக்கிடை ஓம், ஓம் என்று சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. அந்த ஓமுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் பொருள், ஒத்துக்கொள்கிறேன் என்று இல்லை. தலையும் தன்பாட்டில் ஆடும். சிஞ்ஞோர் யானையைப் புகழ்ந்தால் சி, சி. சிஞ்ஞோரா கழுதையைப் புகழ்ந்தால் அதற்கும் சி, சி. இப்படியே காலம் போனது. மலா தன் ஆள் என்று அவர் நினைத்தார், தன் ஆள் என்று இவர் நினைத்தார். எனக்கு அது தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பேருக்கும் என்னைப் பிடித்திருக்கிறது என்பதுதான்.

பிறகு வரி வந்தது.

மகள் நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். ஒலிவ் எண்ணெய், எண்ணெயில் போட்ட சூரை மீன், பிஸ்தாப் பசை, உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு என்று எல்லாம் சிசிலியிலிருந்து போகும் சாமான்கள். வெளிநாட்டுச் சாமானுக்கு வரி போடுகிறோம் என்று அமெரிக்க அரசாங்கம் ஒரு நாள் சொன்னது. அடுத்த கிழமை, பொறுங்கள் என்றது. பிறகு கூட்டியது, பிறகு குறைத்தது, பிறகு வேறு ஒரு திகதி சொன்னது. என் மருமகள்கூட ஒரு சேலை எடுக்க இத்தனை தரம் மனம் மாற்றியதில்லை. பாவம் அந்தப் பெண், எவ்வளவுக்கு வாங்கி எவ்வளவுக்கு விற்பது என்று தெரியாமல் ஒவ்வொரு தரமும் தாய்க்கு ரெலிபோன் எடுத்து அழுவாள்.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் சிஞ்ஞோர் எனக்குப் பொருளாதாரம் படிப்பிப்பார். உப்புப் போத்தல் சீனா. சீஸ் துருவி மெக்சிக்கோ. எண்ணெய்ப் போத்தல் இத்தாலி. பாண் வைக்கும் பெரிய கூடை அமெரிக்கா.

"இஞ்சை பார் மலா. எல்லாரும் இந்தக் கூடைக்குள்ளை தங்கடை சாமானைத் தள்ளினால் கூடைக்காரன் என்ன செய்வான்? வரி போட்டால்தான் அவன்ரை சனத்துக்கு வேலை கிடைக்கும். கொஞ்ச நாள் கஷ்டம்தான். பிறகு எல்லாம் அங்கையே செய்வினம்."

சிஞ்ஞோரா இத்தாலியைக் கையில் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். "கேப்பர் செடியை நியூ ஜெர்சிப் பனிக்குள்ளை நடுவினமோ? கேட்டுச் சொல்லு மலா."

"உன்ரை கழுதை நாலு வருஷம் கதிரையிலை இருந்துதே. அப்ப முட்டை விலை ஏன் அப்பிடி ஏறினது? அதைக் கேள் மலா."

"அது வேறை விஷயம்."

"உங்கடை ஆக்கள் பிழை விட்டால் எப்பவும் அது வேறை விஷயம்தான்!"

அதோடு ஆங்கிலம் தொடங்கிவிடும். மேசையில் இருப்பதெல்லாம் நாடுகள் என்பதால் என்னால் எதையும் எடுத்துக் கழுவவும் முடியாது. ஒரு நாள் சீனாவை எடுத்துத் தக்காளியில் தூவியதற்கு இரண்டு பேருமே என்னை முறைத்தார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டு கட்சி மேலும் எரிச்சல்தான். யானைக்காரர் வரி போடுவதைத் திருவிழா மாதிரி மேளம் கொட்டிச் சொன்னார்கள். அந்த வரியை உண்மையில் கட்டுவது மகள் மாதிரிக் கடைக்காரிதான் என்பதை அவள் அழுகிற அழுகையிலேயே நான் விளங்கிக்கொண்டேன். கழுதைக்காரரோ தொலைக்காட்சியில் வந்து தலையில் கையை வைத்து, எவ்வளவு அநியாயம் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு, அடுத்த தேர்தலுக்குக் காசு அனுப்பச் சொன்னார்கள். இவர்களை நம்பி ஒரு சட்டி சோறு அடுப்பில் வைக்க முடியாது. ஆனால் யார் என்னைக் கேட்டார்கள்? நான் சி, சி என்றேன்.

கோடை முடியும்போது மகள் கடையைப் பூட்டிவிட்டாள். ரெலிபோனில் அதைச் சொல்லும்போது அவள் அழவில்லையாம். அதுதான் சிஞ்ஞோராவுக்குத் தாங்கவில்லை. ரெலிபோனை வைத்துவிட்டு முன் அறை வாசலில் வந்து நின்றார். ஆங்கிலத்தில் கத்துவார் என்று நான் பல்கனிப் பக்கம் ஓடினேன். கத்தவில்லை. எனக்கும் விளங்கும் பலேர்மோப் பேச்சிலேயே மெதுவாகச் சொன்னார்.

"தூரி, உன்ரை வோட்டு எங்கடை பிள்ளையின்ரை கடையைப் பூட்டிப்போட்டுது. இனி உன்னோடை ஒரு கூரைக்குக் கீழை என்னாலை இருக்கேலாது."

நகருக்கு வெளியே, கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் சிஞ்ஞோராவின் அக்காவுக்கு ஒரு சின்ன வீடு உண்டு. அக்கா வடக்கே மகனோடு போய்விட்டதால் அது பூட்டிக் கிடந்தது. திறப்பு சிஞ்ஞோராவிடம் இருந்தது. அன்றே சூட்கேஸை எடுத்துக் கட்டிலில் வைத்து அடுக்கத் தொடங்கினார். இரண்டு மூன்று கிழமையில், தபால் வாக்கைப் போட்டு முடித்ததும் போவதாகச் சொன்னார். அவர்களுடைய மாநிலத்தில் அப்போது தேர்தல் வரவிருந்தது. வீட்டை விட்டுப் போகிற ஆத்திரத்திலும் வாக்கை விட மனம் இல்லை பாருங்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் என் நிலைமையை யோசியுங்கள். அந்த அம்மா போனால் சிஞ்ஞோரை முதியோர் இல்லத்தில் விடுவதாகத்தான் பேச்சு. வீடு பூட்டப்படும். என் வேலை போகும். இங்கே தங்குவதற்கான அனுமதியை, அந்தப் பெர்மெஸ்ஸோவை, நான் அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும், வேலை இல்லாமல் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் நிற்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், என்னை வாட்டியது பெர்மெஸ்ஸோ இல்லை. சிஞ்ஞோர் அன்று பின்னேரம் தொலைக்காட்சியைப் போடவில்லை. நான் போய்ப் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்று அணைத்துவிட்டார். அந்த வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒன்றாக இருந்த இரண்டு பேர், ஒரு யானைக்கும் ஒரு கழுதைக்கும் நடுவில் பிரிவதா?

ஒரு கிழமை கழித்து வாக்குச் சீட்டுகள் வந்தன. அவர் முன் அறையிலும் இவர் குசினி மேசையிலும் இருந்து, கையால் மறைத்துக்கொண்டு நிரப்பினார்கள். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவர் யானைக்குப் போடுகிறார், இவர் கழுதைக்குப் போடுகிறார். ஒன்றை ஒன்று தின்றுவிடும். இரண்டு பேரும் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். இதற்காகவா இத்தனை கரைச்சல்? மத்தியானம் சாப்பாடு வைக்கும்போது வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"நான் ஒண்டு சொல்லட்டே? ரெண்டு பேரும் இந்த முறை வோட்டுப் போடாமல் விடுங்கோ. சரிக்குச் சரியாய்ப் போகும். வீட்டிலை நிம்மதி இருக்கும்."

ஐயோ! அமெரிக்காவே எழும்பி என் மேல் விழுந்தது. பல நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துத் திரும்பினார்கள்.

"வோட்டை விடுறதோ? உனக்கு விசரே மலா?" என்றார் சிஞ்ஞோர்.

"அதை எடுக்க நாங்கள் பட்ட பாடு இவளுக்கு என்னண்டு தெரியும், சொல்லு தூரி," என்றார் சிஞ்ஞோரா.

அவர் சொன்னார். குடியுரிமை எடுக்க ராத்திரிப் பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் படித்ததைச் சொன்னார். முதல் வாக்குப் போட்ட அன்று பனி கொட்டியதாம். அன்று தான் நீலச் சட்டை போட்டிருந்ததாக இவர் சொன்னார். பச்சை என்று அவர் சொன்னார். நீலம்தான், நீ பார்த்தது மேலங்கியை என்று இவர் சொன்னார். அப்போது இரண்டு பேரும் ஒரே கட்சிதானாம், ஆலை மூடிய பிறகுதான் அவர் மற்றப் பக்கம் போனாராம். பாஸ்தா ஆறிப்போனது. நான் ஏச்சு வாங்கிக்கொண்டே உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றேன். என்னைத் திட்டுவதற்காகவாவது சேர்ந்தார்களே! பிறகு சட்டென்று தாங்கள் கதைத்துக்கொண்டிருப்பது இருவருக்கும் நினைவு வந்துவிட்டது. அவர் தட்டைப் பார்த்தார், இவர் எழும்பிப் போனார்.

அடுத்த நாள் உறைகளைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. சிஞ்ஞோரின் காலுக்குச் சப்பாத்துப் போட்டுவிடும்போது அவர் குனிந்து என் காதில் சொன்னார்.

"மலா, நீ என்ரை பக்கம் எண்டு எனக்குத் தெரியும். நினாவின்ரை உறை வழியிலை எங்கையும் விழுந்துபோனால் நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

இந்த முறை என் தலை ஆடாமல் பார்த்துக்கொண்டேன். வாசலுக்குப் போனால் சிஞ்ஞோரா என் கையைப் பிடித்தார்.

"நீ எப்பவும் எனக்கு ஓம் சொல்லுறனி. தூரியின்ரை உறையை எங்கையாவது மறந்துபோய் விட்டிட்டு வா. பஸ்ஸிலை எவ்வளவு சாமான் துலையுது."

அப்போதுதான் என் சி, சி என்ன வேலை பார்த்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. வியா மக்வேதா தெருவில் தேவியைக் கண்டு நடந்ததைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப ரெண்டையும் குப்பைக்குள்ளை போடு. ரெண்டு பேரும் சொன்னதைச் செய்ததாய் இருக்கும்!"

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் அவள் போன பிறகும் நான் அந்தத் தெருவில் சனத்துக்கு நடுவில் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவர் சொன்னதைச் செய்தால் ஒருவராவது சந்தோஷப்படுவார். சிஞ்ஞோராவின் சொல்லைக் கேட்டால் போகாமல் நின்றாலும் நிற்பார். சிஞ்ஞோரின் சொல்லைக் கேட்டால், பாவம், அவருக்கு இப்போது வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது? இப்படியெல்லாம் மனம் பேரம் பேசியது. பிறகு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஊரில் எனக்கு வாக்குப் போடும் வயது வந்தபோது யுத்தம், வீட்டை விட்டு வெளியே போகவே பயம். பிறகு கொழும்பு, பிறகு இங்கே. இங்கே எனக்கு வரி கட்டும் உரிமை இருக்கிறது, வாக்குப் போடும் உரிமை இல்லை. ஆயுளில் ஒரு முறையும் ஒரு பெட்டியிலும் ஒரு சீட்டும் போட்டவள் இல்லை நான். அப்படிப்பட்ட என் கையிலா மற்றவர்களின் வாக்கைத் தொலைக்கும் வேலை? நேரே தபால் கந்தோருக்குப் போய் இரண்டையும் பதிவுத் தபாலில் போட்டேன்.

மத்தியானம் இரண்டு பேரையும் மேசைக்குக் கூப்பிட்டேன். சாப்பாடு வைக்கவில்லை. இரண்டு பற்றுச்சீட்டுகளையும் பாண் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ரெண்டும் போயிட்டுது. சிஞ்ஞோர், நீங்கள் சிஞ்ஞோராவின்ரை உறையைத் துலைக்கச் சொன்னியள். சிஞ்ஞோரா, நீங்கள் அவரின்ரை உறையைத் துலைக்கச் சொன்னியள். நான் ஆற்றையையும் துலைக்கேல்லை. ஏச விருப்பமெண்டால் இப்பவே ஏசுங்கோ, நான் குசினியிலை பாஸ்தாவைப் போட்டிட்டு வந்திருக்கிறன்."

சிஞ்ஞோர் சிஞ்ஞோராவைப் பார்த்தார். "நீயுமே?"

"நீயுமே?" என்றார் சிஞ்ஞோரா.

முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. பிறகு இவர் வாயைப் பொத்தினார். அதன் பிறகு யார் முதலில் வெடித்தது என்று தெரியாது, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார்கள். பாஸ்தா குழைந்துபோனது. போகட்டும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

சிரித்து முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சிரிச்சாப்போலை கடை திறபடுமோ? நான் போறன் எண்டால் போறன்தான்."

சிஞ்ஞோரின் முகம் வாடிவிட்டது. "என்ரை பிள்ளை கெட்டுப்போக வேணும் எண்டே நான் வோட்டுப் போட்டன்? ஆலை மூடினாப்போலை என்னோடை வேலை செய்த பெடியள் நடுத்தெருவிலை நிண்டாங்கள், நினா. அவங்களுக்கு ஏதும் நடக்கும் எண்டு நம்பித்தான் போட்டனான்."

"நம்பினது எனக்குத் தெரியும்," என்றார் அந்த அம்மா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் எழும்பி சூட்கேஸ் இருக்கும் அறைப் பக்கம் பார்த்தார்.

சிஞ்ஞோர் மேசையில் தட்டினார். "சரி. வோட்டுக்கு விடுவம். நீ இஞ்சை நிக்கவேணும் எண்டு நான் சொல்லுறன்." தன் கையை உயர்த்தினார்.

"நான் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போறதுக்கு." சிஞ்ஞோராவும் விட்டுக்கொடுக்காமல் கையை உயர்த்தினார்.

"ஒண்டுக்கு ஒண்டு. எப்பவும் போலை."

"மலா இருக்கிறாள்," என்றார் சிஞ்ஞோரா.

"அவளுக்கு வோட்டு இருக்கோ?"

"எங்கடை ரெண்டு வோட்டும் அவளின்ரை கையிலை பத்திரமாய் இருந்துதே. அப்ப அவளுக்கும் ஒண்டு இருக்கத்தானே வேணும்."

சிஞ்ஞோர் பற்றுச்சீட்டுகளைப் பார்த்தார். "ஓம். இருக்கு," என்றார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஆனால் எந்தப் பக்கம் போடுவது? நிற்கச் சொன்னால் சிஞ்ஞோருக்கு வெற்றி, என் வேலையும் தப்பும். ஆனால் மகளின் கடை போன துக்கத்தோடு இருக்கும் அந்த அம்மா, என்னாலும் தோற்கடிக்கப்பட்டு அந்த அறைக்குள்ளேயே இருப்பார். இரண்டு தொலைக்காட்சியும் திரும்பவும் கத்தும். போகச் சொன்னால் சிஞ்ஞோருக்கு முதியோர் இல்லம். இரண்டு பேரும் கையை இறக்காமல் காத்திருந்தார்கள். வேலையில் நெருக்கடி என்றால் ஓடிப்போய் ஏதாவது செய்வதுதான் நம் பழக்கம். அன்று நான் செய்ததெல்லாம் இரண்டு கேள்வி கேட்டதுதான்.

"சிஞ்ஞோரா, அந்த வீட்டிலை படி இருக்கோ?"

"இல்லை. நிலத்தோடை வீடு. கதவைத் திறந்தால் மீன் வள்ளங்கள் தெரியும்."

"அங்கை அமெரிக்க ரீவி வருமோ?"

"அங்கை ஒண்டும் வராது. பழைய பெட்டி ஒண்டு இருக்கு, அதிலை சமையலும் பந்தடியும்தான் வரும்."

நான் கையை உயர்த்தினேன். "போறதுக்கு."

சிஞ்ஞோர் கையை மெல்ல இறக்கினார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அவசரமாக மிச்சத்தையும் சொன்னேன்.

"மூண்டு பேருமாய்ப் போறதுக்கு. நான் ரெண்டு பேருக்கும் சேத்து வேலைக்கு வந்தனான், ஒராளை விட்டிட்டு ஒராளோடை போக எனக்குத் தெரியாது. கடல் காத்து அவரின்ரை இடுப்புக்கும் நல்லது."

சிஞ்ஞோரா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிஞ்ஞோர் முந்திக்கொண்டார்.

"நான் தோத்துப்போனன், நினா. ரெண்டுக்கு ஒண்டு. தோத்தவன் முடிவை ஏற்கத்தான் வேணும்."

அந்த அம்மா அறைக்குள் போனார். சூட்கேஸ் திறக்கும் சத்தம் கேட்டது. தன்னுடைய உடுப்புகளில் சிலவற்றை எடுத்துக் கட்டிலில் போடுவது தெரிந்தது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தூரி, உன்ரை கம்பளிச் சட்டை எங்கை? கடற்கரையிலை பின்னேரம் குளிரும்."

நான் குசினிக்குள் போய்க் குழைந்த பாஸ்தாவைக் கொட்டிவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுவதற்கும் ஒரு இடம் வேண்டுமே.

இலையுதிர்காலம் முழுக்க நாங்கள் ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருந்தோம். அவர் வாசலில் இருந்து வள்ளக்காரரோடு மீன் விலை பற்றி வாய்ச்சண்டை பிடிப்பார், இவர் உள்ளேயிருந்து வள்ளக்காரர் பக்கம் கதைப்பார். நத்தார்ப் பண்டிகைக்கு மகள் வந்து, வேறு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். சொந்தக் கடை திறப்பது பற்றி அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அமெரிக்க வரி இன்றைக்கும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, யானையும் கழுதையும் திருந்திவிட்டதாக நான் கேள்விப்படவில்லை. என் பெர்மெஸ்ஸோவும் நல்லபடியாகப் புதுப்பிக்கப்பட்டது.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான். வீட்டுக்காரர் சண்டையில் பக்கம் சாயாதீர்கள். அதற்காக இரண்டு பக்கமும் தலையாட்டவும் வேண்டாம், என் தலை ஆடியதால் வந்த வினையைப் பார்த்தீர்கள்தானே. கேட்டால் மட்டும் சொல்லுங்கள், சொல்வதை இரண்டு பேரும் இருக்கும்போது சொல்லுங்கள். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது.

கை உயர்த்திய அன்று பின்னேரமே நாங்கள் புறப்பட்டோம். டாக்சியில் சிஞ்ஞோரும் சிஞ்ஞோராவும் பின்னால் இருந்தார்கள், நான் முன்னால். கடல் தெரியத் தொடங்கியதும் சிஞ்ஞோர் என் தோளைத் தட்டினார். அவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

"உண்மையைச் சொல்லு மலா. நீ என்ன கட்சி?"

"தெரியேல்லை, சிஞ்ஞோர்," என்றேன். "இண்டைக்குத்தானே வாழ்க்கையிலை முதல் வோட்டுப் போட்டனான்."

திரும்பிப் பார்த்தேன். சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோர் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, மத்தியானம் உயர்த்திய அந்தக் கையை எனக்கு முன்னால் நீட்டினார். முதல் வாக்குப் போட்டவருக்கு நியூ ஜெர்சியில் கை கொடுப்பார்களாம்.